மூன்று நாள் பார்க்கக் கூடாத காய்ச்சல்

வாசகர் கேள்விகள் – பதில் தருபவர்: மிஸ்ஸி அக்கா

போன மாதப் பதில் ஒன்றில் “எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதைச் செய்ய வேண்டாம்” என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். யார் அந்த எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், அவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்று கேட்டுக் கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே இந்த மாதம் சீனி, பிரஷர், முழங்கால் நோவு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இந்த ஒன்றையே எடுக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு: நான் டொக்டர் இல்லை. கொழும்பில் 34 வருடம் தாதியாக வேலை செய்தவள். கடைசி 11 வருடமும் ஆஸ்பத்திரிக்குள் தொற்றுப் பரவாமல் பார்க்கிற பிரிவில் இருந்தேன். இப்போது வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 58 வயது. மார்புப் புற்றுநோய். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மூன்றாவது கீமோ ஏற்றி ஒன்பதாம் நாள், இரவு 11 மணிக்கு உடம்பு சுட்டது. தேமொமீற்றர் வைத்துப் பார்த்தால் 38.4 பாகை செல்சியஸ். மேல்மாடி அன்ரி “ரெண்டு பனடோல் குடு பிள்ளை, டெங்கெண்டாலும் மூண்டாம் நாள்தானே ரத்தம் பாக்கிறது” என்றா. அம்மாவும் இரவில் வர மாட்டேன் என்று பிடிவாதம். பனடோல் கொடுத்தேன். விடிய 37க்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கிளினிக் இருக்கிறது. அதுவரை பார்க்கலாமா?
– மகள், கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, உங்கள் செய்தியைப் பார்த்த உடனேயே உங்களுக்கு போன் எடுத்தேன். அம்மாவை அன்று மத்தியானமே வார்டில் சேர்த்தீர்கள், இப்போது வீட்டில் இருக்கிறா என்று கேட்டு மனம் ஆறியது. ஆனால் உங்கள் அன்ரி சொன்னதை இந்த நகரத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு அன்ரி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறா. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

டெங்கு நம்மை ஒரு பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. காய்ச்சல் என்றால் பனடோல், நிறையத் தண்ணீர், மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனை. சாதாரண உடம்புக்கு இது பிழையில்லை. கீமோ எடுக்கிறவருக்கு அந்த மூன்று நாள் கிடையாது. ஒரு இரவுகூடக் கிடையாது.

காரணம் இதுதான். நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பல வகை. அதில் நியூட்ரோபில் என்பவைதான் கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போகிறவை. நல்ல உடம்பில் ஒரு மைக்ரோலீற்றர் ரத்தத்தில் அவை 2,000க்குக் குறையாமல் இருக்கும். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் புற்றுநோய்க் கலங்களை அடிக்கிறபோது, எலும்பு மச்சையில் வேகமாகப் பெருகும் இந்த அணுக்களையும் சேர்த்து அடித்துவிடுகிறது. மருந்து ஏற்றி ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும். 500க்குக் கீழே போனால் காவலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கு அன்று ஒன்பதாம் நாள்.

அந்த நேரத்தில் கிருமி வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. நம் குடலில், வாயில், தோலில் பிறந்தது முதல் குடியிருக்கும் கிருமிகள் போதும். கீமோ வாயையும் குடலையும் புண்ணாக்கி வைத்திருக்கும். அந்தப் புண் வழியே ரத்தத்துக்குள் போய்விடும். நல்ல உடம்பில் ஒன்றும் செய்யாமல் கிடந்துவிட்டு, தடுப்பு விழுந்த நேரம் பார்த்துக் கிளம்புவதால்தான் இவற்றைச் சந்தர்ப்பவாதத் தொற்றுகள் என்கிறார்கள்.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். சீழ் கட்டுவதும், வீங்கிச் சிவப்பதும், நெஞ்சில் சளி அடைப்பதும் பெரும்பாலும் இந்த வெள்ளை அணுக்கள் வந்து சண்டை போடுவதால் வருபவை. அணுக்களே இல்லையென்றால் சண்டையும் இல்லை, அடையாளமும் இல்லை. இருமல் இல்லை, புண் இல்லை, சலக்கடுப்பு இல்லை, ஆனால் ரத்தம் முழுக்கக் கிருமி. காய்ச்சல் ஒன்றுதான் மிஞ்சுகிற அடையாளம். பனடோல் போட்டு அதையும் அழித்துவிட்டால் டொக்டருக்குப் பார்க்க என்ன இருக்கிறது? அதனால் முதலில் வெப்பநிலையைப் பாருங்கள், எழுதிவையுங்கள், புறப்படுங்கள். ஒரு தடவை 38.3 காட்டினால் போதும். 38 காட்டி ஒரு மணித்தியாலம் இறங்காமல் நின்றாலும் அதே கணக்குத்தான். காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும், ஆள் சோர்ந்து பேச்சுத் தடுமாறினாலும் காத்திருக்க வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் ரத்தம் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் நாளத்தில் அன்ரிபயோட்டிக் ஏற வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. கிருமி எது என்று அறிக்கை வருமட்டும் காத்திருப்பதில்லை. வீட்டில் முந்தி வாங்கி மிச்சம் வைத்த அன்ரிபயோட்டிக்கைப் போட்டுப் பார்க்கவும் கூடாது. அது கிருமியை முழுதாகக் கொல்லாது, ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் மட்டும் செய்துவிடும்.

இதை இவ்வளவு அழுத்தி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் மூத்த அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய். 90களின் நடுப்பகுதி. கீமோ முடிந்து பத்தாம் நாள் இரவு, அத்தான் நான் வேலை செய்த வார்டுக்கு போன் எடுத்தார். “பிள்ளை, அக்காவுக்குக் கொஞ்சம் காயுது, சாப்பிட்டவ, கதைக்கிறா, என்ன செய்ய?” என்றார். நான் அப்போது தாதியாகி ஏழெட்டு வருடம். நைட் டியூட்டி, கட்டில் நிறைய நோயாளர். “பனடோல் குடுங்கோ அத்தான், காலையில பாப்பம்” என்று நான்தான் சொன்னேன். காலையில் கொண்டுபோன இடத்தில் வெளிநோயாளர் வரிசையில் மூன்று மணித்தியாலம் வாங்கில் இருந்திருக்கிறா. அத்தான் “காய்ச்சல்” என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். கீமோ என்ற சொல் அந்த வரிசையில் யார் காதிலும் விழவில்லை. நான் டியூட்டி முடித்து ஓடிப்போகும்போது அக்காவின் கை சில்லென்று இருந்தது, நாடி பிடிபடவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டா. அந்த வரிசையில் இருந்தவர்களை நான் குறை சொல்வதில்லை. அன்றிரவு போனை எடுத்தவள் நான்.

ஆகவே தங்கச்சி, வாசலில் நிற்கிற ஆளிடம் சொல்ல வேண்டிய வசனத்தை இப்போதே பாடமாக்கி வையுங்கள்: “கீமோ எடுத்து இத்தனையாம் நாள், காய்ச்சல் இவ்வளவு.” அந்த இரண்டு எண்ணும் முதல் மூச்சில் வர வேண்டும். கிளினிக் கொப்பியைக் கையில் உயர்த்திக் காட்டுங்கள். வெளிநோயாளர் பிரிவு வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. கொட்டாஞ்சேனையிலிருந்து நள்ளிரவில் மகரகமைக்கு ஓட வேண்டியதில்லை. தேசிய வைத்தியசாலை பக்கத்தில்தானே, முதல் ஊசி அங்கே ஏறட்டும். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், காசு கேட்க மாட்டார்கள். ஒரு பையில் கொப்பி, சாரம், பற்தூரிகை, தேமொமீற்றர் எல்லாம் கட்டி, ஒவ்வொரு கீமோவின் ஏழாம் நாளிலிருந்து கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பை கதவடியில் இருந்தால் அம்மாவின் “விடியட்டும்” பாதியாகக் குறைந்துவிடும்.

போனில் கதைக்கும்போது, பழமும் பச்சைக் காய்கறியும் கொடுக்கலாமா என்றும் கேட்டீர்கள். பழமே தொடக்கூடாது, பச்சையாக ஒன்றுமே கூடாது என்ற கடும் பத்தியத்தால் தொற்றுக் குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. தோல் உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், தோடம்பழம் கொடுங்கள். வெளியில் வெட்டி வைத்த அன்னாசி, காலிமுகத்திடலில் இறால் வடைக்கு மேலே தூவுகிற பச்சை வெங்காயம், அரைவேக்காட்டு முட்டை, இரவு மிஞ்சிய சோறு, இவைதான் வேண்டாம்.

கேள்வி: வயது 29. பெயர் போட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முன் எச்.ஐ.வி இருப்பது தெரிந்தது. கொழும்பு 10, டி சேரம் பிளேஸ் கிளினிக்கில் சிகிச்சை தொடங்கிவிட்டார்கள். சிடி4 64 என்றார்கள். எச்.ஐ.வி குளிசையோடு கொட்ரிமொக்சசோல் என்று இன்னொன்றும் தினமும் போடச் சொல்கிறார்கள். தொற்று ஒன்றும் இல்லாமல் எதற்கு அன்ரிபயோட்டிக்? வயிற்றைப் பிரட்டுவதால் மூன்று கிழமையாகப் போடவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்காவின் பிள்ளைகள் சின்னவர்கள், அவர்களுக்கு ஆபத்தா? போன கிழமையிலிருந்து வரட்டு இருமல். நாலாம் மாடிக்கு ஏற நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருக்கிறது.
– வாசகர், கொழும்பு 6

பதில்: தம்பி, முதலில் உங்கள் கடைசி வரி. அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதம். உங்களுக்குத் தனியே செய்தி அனுப்பினேன், கிடைத்திருக்கும். இந்தப் பக்கத்தை வாசிக்கிற நேரம் இன்னும் போகாமல் இருந்தால், வாசிப்பை நிறுத்திவிட்டுப் போங்கள்.

சிடி4 என்பது எதிர்ப்புப் படைக்கு உத்தரவு கொடுக்கிற வெள்ளை அணு. சாதாரணமாக 500க்கு மேலே இருக்கும். எச்.ஐ.வி அதைத்தான் வருடக் கணக்கில் அரிக்கிறது. 200க்குக் கீழே வந்தால் நியூமோசிஸ்டிஸ் என்ற ஒரு பங்கசு (பூஞ்சைக் கிருமி) நுரையீரலைப் பிடிக்கலாம். அது காற்றில் வருவது, நம்மில் பலருடைய நெஞ்சுக்குள் சின்ன வயதிலேயே வந்துபோனது. நல்ல உடம்பை அது ஒன்றும் செய்யாது. எயிட்ஸ் என்ற நோயே இதன் வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1981 ஜூன் 5ஆம் திகதி அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வார அறிக்கையில் லொஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. அதுவரை திடகாத்திரமாக இருந்தவர்கள். ஐந்து பேருக்கும் இதே நியூமோசிஸ்டிஸ் நியூமோனியா. அறிக்கை வெளிவரும்போதே இருவர் இறந்துவிட்டார்கள்.

இந்த நியூமோனியா திடீரென்று வந்து விழுத்துவதில்லை. கிழமைக் கணக்கில் மெல்ல ஏறும். இருமினால் சளி வராது. டொக்டர் குழாய் வைத்துக் கேட்டால் நெஞ்சு சுத்தமாகக் கேட்கலாம். எக்ஸ்ரேகூட ஆரம்பத்தில் ஏமாற்றும். வார்டில் ஒரு பையனை மறக்க மாட்டேன். கட்டிலில் சாய்ந்து சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான். ஒட்சிசன் அளக்கும் கருவியை விரலில் மாட்டினால் 96 வீதம். “மிஸ்ஸி, நான் வீட்ட போகட்டா” என்றான். டொக்டர் “ஒருக்கா அந்த ஜன்னல்வரை நடந்துவிட்டு வாரும்” என்றார். போய்த் திரும்புவதற்குள் 85. இமைகளுக்குக் கீழே வியர்வை, உதடு நாவற்பழம் தின்றதுபோல. இருக்கும்போது தெரியாதது நடக்கும்போது தெரிந்தது. உங்கள் நாலாம் மாடிப் படியும் அதைத்தான் சொல்கிறது, தம்பி.

இனி உங்கள் கேள்வி. கொட்ரிமொக்சசோல் உங்களுக்குத் தந்தது வந்த தொற்றுக்கு அல்ல, வரவிருக்கும் தொற்றுக்கு. நியூமோசிஸ்டிஸை மறிக்கும். சிடி4 100க்குக் கீழே போனவர்களின் மூளையைத் தாக்கும் டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியையும் மறிக்கும். மலிவான பழைய குளிசை, இவ்வளவு வேலை செய்கிறது. வயிற்றைப் பிரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். உடம்பில் சிவப்பாகத் தடித்தால், வாய் புண்ணானால், அன்றே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். இந்தக் குளிசையில் இருக்கும் சல்பா சிலருக்கு ஒவ்வாது, அதற்கு வேறு மருந்து இருக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள். எச்.ஐ.வி மருந்தால் சிடி4 200ஐத் தாண்டிச் சில மாதம் நிலைத்து நின்றதும் அவர்களே நிறுத்துவார்கள். வாழ்நாள் முழுக்க அல்ல.

இன்னும் மூன்றைக் கவனத்தில் வையுங்கள். நாளுக்கு நாள் கூடுகிற தலையிடி, பனடோலுக்கு அடங்காதது, கிரிப்டோகொக்கஸ் என்ற பங்கசு மூளையுறையைப் பிடித்ததாக இருக்கலாம். கழுத்து விறைக்கும் என்று காத்திருக்க வேண்டாம், பலருக்கு விறைப்பதில்லை. கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளி மிதந்தாலோ பார்வையில் ஒரு பக்கம் மறைந்தாலோ, அது விழித்திரையைத் தின்னும் சைட்டோமெகலோ வைரசாக இருக்கலாம். இழந்த பார்வை திரும்பாது, அதனால் அன்றைக்கே கண் பார்க்க வேண்டும். மூன்றாவது காசநோய். மற்றவை எல்லாம் சிடி4 விழுந்த பிறகு வருபவை. காசம் எந்த எண்ணிக்கையிலும் வரும். இரவு வியர்வை, மெலிவு, விடாத காய்ச்சல், இவற்றைச் சொல்லாமல் விடாதீர்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் மார்பு நோய்க் கிளினிக்குகளில் இலவசம்.

மருந்து தொடங்கிய முதல் சில கிழமையில் உடம்பு திடீரென்று மோசமாவதும் உண்டு. எதிர்ப்புச் சக்தி திரும்பி வரும்போது, அதுவரை சத்தமில்லாமல் கிடந்த தொற்றைப் பார்த்துச் சண்டைக்கு எழும்பும். மருந்து ஒத்துவரவில்லை என்று பலர் நிறுத்துவது அந்த இடத்தில்தான். நிறுத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

அக்காவின் பிள்ளைகளைத் தூக்குங்கள், கொஞ்சுங்கள். ஒரே கோப்பையில் குடித்தாலும், ஒரே கழிவறையைப் பாவித்தாலும் எச்.ஐ.வி தொற்றாது. மருந்தை ஒழுங்காகப் போட்டு வைரசு ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி நின்றால் உடலுறவாலும் அடுத்தவருக்குப் போகாது. வீட்டில் சொல்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு, யாரும் அவசரப்படுத்த முடியாது. ஆனால் இரவில் மூச்சு முட்டினால் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள் வேண்டும். அந்த ஒருவருக்காவது தெரிந்திருப்பது நல்லது. அக்காவாக இருக்கலாம் என்று உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்குத் தோன்றியது.

கேள்வி: இவருக்கு 51 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம். வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுச் சேற்றை வெறுங்காலோடு வாரி இறைத்தார். காலில் ஒரு தகரம் கீறியது, அது ஆறிவிட்டது. மூன்று கிழமை கழித்துக் காய்ச்சல், இருமல், மெலிவு. இரண்டு கோர்ஸ் அன்ரிபயோட்டிக் முடிந்தது. சளியில் காசம் இல்லை என்கிறார்கள். இவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று ஒருவரும் சொன்னதில்லையே?
– மனைவி, வெல்லம்பிட்டிய

பதில்: சீனி வருத்தத்தை நாம் எதிர்ப்புச் சக்திக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். சீனி கூடிய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையில் இருக்கும், வேலை செய்வது குறைவு.

தங்கச்சி, மெலியொய்டோசிஸ் என்ற பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அவரை அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போங்கள். மண்ணிலும் வயல் தண்ணீரிலும் வாழும் ஒரு பற்றீரியாவால் வருவது. இலங்கையில் 1927இலேயே ஓர் ஐரோப்பியரிடம் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நம் சனங்களுக்குப் பெயர்கூடத் தெரியாது. இது பிடிப்பவர்களில் பெரும் பங்கு சீனி வருத்தக்காரர். நுரையீரலில் வந்தால் காசம்போலவே இருக்கும். ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வைக்கும். வழக்கமாக எழுதித் தரும் அன்ரிபயோட்டிக்குகள் பலவற்றுக்கு மசியாது. அதனால் காய்ச்சல் இரண்டு நாள் விட்டு மறுபடி வரும். ரத்தத்தையும் சளியையும் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் பிடிபடும். பிடிபட்டால் இரண்டு கிழமையளவு நாளத்தில் மருந்து, பிறகு மூன்று மாதத்துக்குக் குறையாமல் குளிசை. குளிசையை இடையில் விட்டால் திரும்ப வரும்.

இது அதுதான் என்று நான் சொல்லவில்லை. காசமாகவும் இருக்கலாம், ஒரு தடவை சளியில் இல்லையென்றால் இல்லை என்று முடிவில்லை. டொக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது “சீனி, வெள்ளம், சேறு, காலில் காயம்” என்ற நான்கும். காயம் ஆறிவிட்டதால் அதைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த வெள்ளத்துக்கு முன் அவருக்கு ஒரு சோடி றப்பர் பூட்ஸ் வாங்கிவிடுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து உதவும்.

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி இரண்டு வருடம். பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை அம்மாள் போட்டுவிட்டது. ஒரே வீடு. வேப்பிலை கட்டி, பிள்ளையைத் தனி அறையில் வைத்திருக்கிறோம். அம்மாள் வந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று மாமி சொல்கிறா.
– அம்மம்மா, மட்டக்குளி

பதில்: அம்மா, வேப்பிலை இருக்கட்டும், கும்பிடுவதும் இருக்கட்டும். மாமியின் மனம் நோக ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது பேரன் அல்ல, கணவர். அவருக்கு ஒன்றுமில்லாமல் இருக்கும்போதே போக வேண்டும்.

அம்மாள் என்று நாம் சொல்கிற கொப்புளிப்பான் ஒரு வைரசு. அது கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாளைக்கு முன்பே பரவத் தொடங்கிவிடும். பிள்ளையை நீங்கள் தனி அறைக்கு மாற்றுவதற்குள் தாத்தா அவனை மடியில் வைத்து டிவி பார்த்து முடித்திருப்பார். சின்னப் பிள்ளைக்கு ஒரு கிழமைச் சொறி. மாற்றிய சிறுநீரகத்துக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டக்ரோலிமஸும் மைக்கோபினொலேற்றும் போடுகிற ஆளுக்கு அதே வைரசு நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போகலாம். வருமுன் மறிக்க மருந்து உண்டு. அதற்கு நாள் கணக்கு முக்கியம், பட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள். இன்றே சிறுநீரகம் மாற்றியவர்களைப் பார்க்கும் கிளினிக்குக்கு போன் எடுத்து “வீட்டில் கொப்புளிப்பான், ஞாயிறு தொடங்கியது” என்று சொல்லுங்கள். அவருக்குச் சின்ன வயதில் வந்திருந்தால் ஆபத்துக் குறைவு, அதை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது மற்ற நோயாளர்களோடு வாங்கில் உட்கார வைக்காதீர்கள். முதலிலேயே சொல்லிவிட்டுப் போனால் அவர்களே வேறு வழியால் எடுப்பார்கள். முடிந்தால் பேரனின் கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தாத்தா வேறு வீட்டில் இருக்கட்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசைகளைப் பயத்தில் நிறுத்திவிடாதீர்கள், மாற்றிய சிறுநீரகம் போய்விடும்.

சின்னச் சின்னதாக வந்தவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து எழுதிய சகோதரி, பல்கனியில் புறா எச்சத்தை நீங்கள் கூட்டக் கூடாது. லூபஸுக்கு (எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) ஸ்டீரொயிட் எடுக்கிறீர்கள், அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும். காய்ந்த எச்சத்தில் கிரிப்டோகொக்கஸ் பங்கசு இருக்கும், கூட்டும்போது தூசியாக எழும்பும். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, வீட்டில் திடமான ஒருவர் முகக்கவசம் போட்டு அள்ளட்டும். பக்கத்து அடுக்குமாடி இடிக்கும் தூசி வந்தாலும் ஜன்னலைச் சாத்துங்கள், அதில் அஸ்பர்ஜிலஸ் என்று இன்னொரு பங்கசு. நாக்கில் தயிர் அப்பியதுபோல வெள்ளை, சுரண்டினால் சிவந்து ரத்தம் கசிகிறது என்கிறீர்கள். அது கன்டிடா என்ற பங்கசு. வாய்க்குள் மட்டும் இருந்தால் கிளினிக்கில் தரும் மருந்தோடு போய்விடும். விழுங்கும்போது நெஞ்சு நொந்தால் தொண்டைக்குக் கீழே இறங்கிவிட்டது, கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். ஸ்டீரொயிட்டை ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், அது வேறு ஆபத்து.

தெமட்டகொடை வாசகர், வீட்டுப் பூனையை விரட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. மலத்தை நீங்கள் அள்ளாதீர்கள், வேறு ஆள் தினமும் அள்ளட்டும். பூனை மலத்தில் இருக்கக்கூடிய டொக்ஸோபிளாஸ்மாவின் முட்டை வெளியே வந்து ஒரு நாளாவது கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். பச்சை இறைச்சி போட்டு வளர்க்காதீர்கள்.

செட்டியார் தெருவிலிருந்து எழுதிய அண்ணா, சிறுநீரகம் மாற்றி நாலு வருடம், ரத்தப் பரிசோதனை எல்லாம் நிலையாக இருக்கிறது, ஆடிவேல் திருவிழாவுக்கு ரதத்தோடு நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வயதிலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். போங்கள். முகக்கவசம் போட்டு, சன நெரிசலில் நடுவில் நிற்காமல் ஓரமாக நடவுங்கள். காலில் காயம் இருந்தால் செருப்பைக் கழற்ற வேண்டாம், முருகன் கோபிக்க மாட்டார். வெட்டிய பழமும் சர்பத்தும் வேண்டாம். வீட்டில் கொதித்தாறிய தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோங்கள். இரவுக் குளிசையையும் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரதம் பம்பலப்பிட்டிக்கு வந்து சேர எப்போதும் நேரம் பிந்தும்.